நாலு செகண்டு மிச்சம்

தாலி பாதி வழியில் நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் இரண்டு கைகளும் அனன்யாவின் கழுத்தருகே அந்தரத்தில் உறைந்திருந்தன. கெட்டிமேளம் மட்டும் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. ரத்னா மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். மூன்று எண்ணுவதற்குள் படம் ஒரு குதி குதித்தது. பார்த்தால் தாலி கட்டி முடிந்து, நாத்தனார் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி போடு" என்றார் சண்முகவேல்.

ரத்னா போட்டாள். இந்த முறை கை இன்னும் கொஞ்சம் மேலே நின்றது. மேளம் முன்னால் போனது. படம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது.

"தாலி கட்டறதையே காணோமே. இதப் போய் மாமிகிட்ட எப்படிக் குடுக்கறது?"

ரத்னா படத்தை மறுபடி பின்னால் தள்ளினாள். முந்தாநாள் மத்தியானம் இதே இடம் பட்டு மாதிரி ஓடியது. அண்ணி தேவானை அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, தாரை வார்க்கிற இடத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். யாரென்றே தெரியாத மயிலாப்பூர்ப் பெண்ணுக்காக.

மேற்கு மாம்பலத்தில் அந்த ஒடுக்கமான தெருவின் முன்னறைக்குள் கம்ப்யூட்டர் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் சண்முகவேல் கல்யாண வீடியோவை எடுத்து, இரண்டு வி.சி.ஆர். டெக்குகளை வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றியே மிக்ஸிங் செய்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று முதலில் சொன்னவன் தம்பி செம்பியன். ஒரு வாடிக்கையாளர் முன்னாலேயே, "உங்க ரெண்டு டெக்கையும் காயலான் கடையில போடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டான். அண்ணன் கை நீட்டிவிட்டார். போன வருஷம் தை மாதம் அது. அன்றைக்கு ஒரு பையோடு வெளியே போனவன் இதுவரை திரும்பவில்லை. அந்த வீட்டில் அவன் பேரை யாரும் எடுப்பதில்லை. அவன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு சண்முகவேல் வாய் திறக்காமல் ரிச்சி தெருவுக்குப் போய் பீர் முஹம்மதுவிடம் கம்ப்யூட்டர் வாங்கிவந்தார். ஏன் வாங்கினார் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அதன் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள் தங்கை ரத்னா. பத்தாவதோடு நின்றவள். திரையில் வரும் இங்கிலீஷ் வாக்கியங்களை எழுத்தெழுத்தாகத் தாளில் எழுதி, பீர் முஹம்மதுவுக்குப் போனில் படித்துக் காட்டியே அவள் பாதி வேலையைப் பிடித்துவிட்டாள்.

நேற்று ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், நெற்றியில் ஒரு செவ்வந்தி. கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர், கேமரா, டெக் எல்லாம் அலமாரித் தட்டில் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றையும் தொடவில்லை. இன்று விஜயதசமி. காலை ஏழரைக்கு மறுபூஜை முடிந்து, நல்ல நேரத்தில் பெட்டியைத் தட்டி எழுப்பினால், இப்படி.

"சாமிக்குப் படைச்சதுக்கு அப்புறமா கெட்டுப்போகும்?" என்று தேவானை வாசல்படியிலிருந்து கேட்டாள். "ஏங்க, சந்தனம் உள்ள கிள்ள போயிருக்குமோ?"

"நீ சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். முருகன் வீட்டுக் கம்ப்யூட்டரு, எதுக்குத் தகராறு பண்ணுதுன்னு கேட்டேன்."

சண்முகவேல் சிரிக்கவில்லை. கேமரா பையை மாட்டிக்கொண்டார். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஜயதசமிச் சேர்க்கை. நெல்லில் அ எழுதும் குழந்தைகளைப் படம் பிடிக்க வேண்டும். மூன்று மணிக்குத்தான் திரும்புவார்.

"மாமி அஞ்சு மணிக்கு வராங்க. பொண்ணு இன்னைக்கே சிங்கப்பூர் கிளம்புது. மாப்பிள்ளையோட அப்பா அங்க படுத்த படுக்கை. மகன் கல்யாணத்தையே பாக்கல அவரு. இந்தக் கேசட்டுலதான் பாக்கணும்" என்றார். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை ஒவ்வொன்றாகச் சொன்னது தனக்கே சொல்லிக்கொள்வது போல இருந்தது.

"தெரியும்ண்ணா."

"நான் வர்றதுக்குள்ள இது சரியாகலன்னா, ரெண்டு டெக்கையும் வச்சு நானே போட்டுடறேன். ரிசப்ஷன் வேணாம், விட்டுடலாம். முகூர்த்தம் போதும். நாளைக்குப் பாய்க்குப் போன் பண்ணி இந்தப் பெட்டிய எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிடறேன்."

"ரிசப்ஷன் கேசட்ட இன்னைக்குக் காலைலதானே குடுத்தீங்க? மூணு வாரமாக் கேட்டேனே."

"தேட வேண்டியிருந்தது" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரத்னா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்த நாற்காலி போனால் அந்த வீட்டில் உட்கார அவளுக்கு வேறு இடமே இல்லை என்பதில்லை. சமையலறையில் ஒரு முக்காலி இருக்கிறது. நாலு மாதத்துக்கு முன்னால் அவள் அதில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதரை மணிக்கு ஆரம்பித்தாள்.

முதலில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். குதித்தது. திரையில் தானாக வந்து நீந்தும் மீன்களை நிறுத்தினாள். குதித்தது. படத்தின் ஜன்னலைத் தீப்பெட்டி அளவுக்குச் சின்னதாக்கினாள். கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் தாலி இடத்தில் கை நின்றது. டிஸ்க் நிரம்பிவிட்டதோ என்று பார்த்தாள். இடம் இருந்தது. ஒருவேளை உள்ளே சிதறிக் கிடக்குமோ என்று, பாய் ஒருமுறை சொல்லிக் கொடுத்தபடி எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைக்கிற வேலையைக் கொடுத்தாள். சின்னச் சின்னக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. அதற்கே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

நடுவில் போன் அடித்தது. அனன்யாவின் அம்மா சுப்புலக்ஷ்மி மாமி. காலையில் ரிசப்ஷன் கேசட்டை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தபோதும் இதே மாமிதான் கூப்பிட்டு, அரை மணி நேரம் பிடித்துவைத்துக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு வந்து பார்த்தபோதுதான் ஏறின படம் முழுக்கக் கிழிந்த துணி மாதிரி இருந்தது.

"ரத்னா, ஆயிடுத்தா?"

"ஆயிட்டிருக்கு மாமி."

"இதோ பாரு, சம்பந்தியாத்துலேர்ந்து போன் பண்ணிண்டே இருக்கா. பாவம், சம்பந்திக்குக் கை கால் வராதே தவிர, கண்ணு நன்னா இருக்கு. தாலி கட்டறச்சே புள்ளையாண்டான் முகத்தை மட்டும் நன்னா காமிங்கோன்னு கேட்டிருக்கார். அது நன்னா விழுந்திருக்கோன்னோ?"

"விழுந்திருக்கு மாமி" என்றாள் ரத்னா. பொய் இல்லை. கேசட்டில் விழுந்துதான் இருக்கிறது.

"அஞ்சு மணிக்கு ஆட்டோல வந்துடறேன். ஆத்துல எல்லாரும் பேக்கிங்ல இருக்கா. நான் மட்டும்தான் வருவேன். காக்க வச்சுடாதே, என்ன?"

அடுக்கும் வேலை முடிந்தது. தாலியை ஓட்டினாள். கை நின்றது.

தேவானை வந்து ஒரு தட்டில் மிச்சச் சுண்டலை வைத்துவிட்டுப் போனாள். ரத்னா கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே யோசித்தாள். கடலையைத் தட்டிலிருந்து எடுத்தால் ஒரு ருசி, கிண்ணத்திலிருந்து எடுத்தால் ஒரு ருசியா என்ன? கடலை ஒன்றுதான். அப்படியானால் படத்தை வேறு தட்டில் வைத்துப் பார்த்தால் என்ன?

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்குகள். முதலாவதில் சாப்ட்வேர். இரண்டாவதில் படம். தாலி கட்டும் அரை நிமிஷத்தை மட்டும் வெட்டி முதல் டிஸ்க்கில் காப்பி பண்ணினாள். ஓட்டினாள்.

மாப்பிள்ளையின் கை எழுந்தது. தாழ்ந்தது. ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு. நடுவில் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டதுகூடத் தெரிந்தது. மேளம் கையோடு சேர்ந்து போனது.

அப்படியானால் படத்தில் கோளாறில்லை. சாப்ட்வேரிலும் இல்லை. ரத்னா எழுந்து போய்ப் போனைச் சுழற்றினாள். மணி பன்னிரண்டாகியிருந்தது.

"அலோ, யாரு?"

"பாய், மாம்பலத்துலேருந்து ரத்னா. சண்முகவேல் தங்கச்சி."

"சொல்லும்மா. இன்னா, மறுபடியும் மவுஸு மண்டயப் போட்டுச்சா?"

"படம் குதிக்குது பாய்."

"புச்சா ஏத்துனதா, பயசா?"

"ரெண்டும்தான். ஒரு துண்ட மட்டும் முதல் டிஸ்க்குல காப்பி பண்ணிப் பாத்தேன். அங்க நல்லா ஓடுது."

மறுமுனையில் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இத்த யாரு சொல்லிக் குடுத்தது உனுக்கு?"

"யாரும் சொல்லல. சுண்டல் சாப்பிடும்போது தோணிச்சு."

"நல்லா தோணுச்சு போ. எங்கடயில கீற பசங்களுக்கு பிரியாணி துன்னாக்கூடத் தோண மாட்டேங்குது. சரி, அப்போ ரெண்டாவது டிஸ்க்குக்குப் போற ரோட்டுலதான் கோளாறு. எப்ப வரிக்கும் ஓடிச்சு?"

"முந்தாநாள் மத்தியானம் வரைக்கும்."

"அதுக்கப்பால இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல பாய். ஆயுத பூஜை. தொடவே இல்ல."

"தொடாம எப்டிம்மா பூஜ போட்டீங்க? தொடச்சிருப்பீங்கல்ல?"

"மேலதான் தொடைச்சோம்."

"மேல மட்டும்தானா? போன வருசம் எங்க தெருவுல ஒர்த்தன் பெட்டியப் பொளந்து, உள்ள கீற போர்டுக்கே விபூதிப் பட்ட போட்டுட்டான். அப்பால எங்கிட்டதான் தூக்கினு வந்தான். சிரிக்காத. நான் ரெண்டாவது டிஸ்க்குக்குன்னு தனியா ஒரு கார்டு சொருகி, தனியா ஒரு பெல்ட்டு போட்டுக் குடுத்துகீறேன். சாம்பக் கலர்ல, ரிப்பன் மாதிரி அகலமா. அத்தக் கயிட்டிட்டு, சி.டி. போடற டிரைவோட பெல்ட்டுல இதயும் ஒண்ணா மாட்டிட்டா போச்சு. நத்தயும் குதிரயும் ஒரே வண்டியில கட்டுன மாதிரி. குதிர நத்த வேகத்துலதான் போவும்."

ரத்னா அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் கண் அலமாரித் தட்டுக்குப் போயிருந்தது. காலையில் பூஜை முடிந்து சாமான்களை எடுத்து வைத்தபோது கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் அகலமாக, சாம்பல் நிறத்தில் ஒன்று சுருண்டு கிடந்தது. அதன் முனையில் சந்தனம், நடுவில் குங்குமம். ஏதோ பழைய உதிரி என்று அப்படியே விட்டிருந்தாள்.

"பாய், ஒரு நிமிஷம்" என்றாள். பிறகு உள்ளே பார்த்து, "அண்ணி! முந்தாநாள் நான் பொரி கடலை வாங்கப் போனப்போ அண்ணன் பெட்டியத் தொறந்தாரா?"

"தொறந்தாரே. பெயிண்டு பிரஷ்ஷால தூசியெல்லாம் தட்டினாரு. ஒரு பிடி தூசி." தேவானை கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "இத்தன வயரு எதுக்குன்னு திட்டிக்கிட்டே மாட்டினாரு. ஒரு பெல்ட்டுலயே ரெண்டு கொக்கி இருக்குடி, எதுக்கு ரெண்டு பெல்ட்டு, ஒண்ண மிச்சம் பண்ணிட்டேன்னு சந்தோஷமா வேற சொன்னாரு. ஏன்?"

சண்முகவேல் வயர் தொங்குவதைப் பொறுக்காதவர். கல்யாண மண்டபத்தில்கூட விளக்கு வயரை ஜமக்காளத்துக்கு அடியில் ஓடவிட்டு, மூலையில் டேப் ஒட்டிவிட்டுத்தான் கேமராவைத் தொடுவார். யாரும் தடுக்கி விழக் கூடாது. அந்தப் பழக்கம்தான் இங்கேயும் கை நீட்டியிருக்கிறது.

"பாய், பெல்ட்டு இங்க இருக்கு. பூஜைத் தட்டுல."

பீர் முஹம்மது சிரித்த சிரிப்பில் ரிசீவர் அதிர்ந்தது. "பெல்ட்டுக்குப் பொட்டு வச்சிகீறாரா உங்கண்ணன்? சரி, கவனமாக் கேளு. ஸ்விட்ச அணை. பெட்டியோட தகரத்த ஒரு தபா தொட்டுட்டு அப்பால உள்ள கை வை. பெல்ட்டு ஓரத்துல செவப்புக் கோடு ஒண்ணு கீதா? டிஸ்க்குல அது கரண்டு வயரு பக்கமாப் பாத்து இருக்கணும். கார்டுல மூல வெட்டுன சாக்கெட்டு, வேற எதுலயும் போவாது. பயப்படாத. அதுவா உள்ள போவும். போவலன்னா அமுக்காத, திருப்பு."

போனை வைத்தாள். அடுத்தது பெட்டியைத் திறக்க வேண்டும். அங்கேதான் ஒரு சங்கடம். மவுஸும் கீபோர்டும் ரத்னாவுடையவை, பெட்டி அண்ணனுடையது. அவர்தான் திறப்பார், அவர்தான் மூடுவார். அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அப்படித்தான்.

"அவர் வரட்டுமே" என்றாள் தேவானை.

"மூணு மணிக்கு வந்தா, படத்தக் கேசட்டுல இறக்கவே ஒண்ணே முக்கா மணி நேரம் ஆகும் அண்ணி. ரிசப்ஷன மறுபடி உள்ள ஏத்தணும். அதுக்கு அரை மணி."

தேவானை கொஞ்ச நேரம் பெட்டியையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளே போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினாள்.

"கேட்டா நான்தான் தொறக்கச் சொன்னேன்னு சொல்லு."

நாலு ஸ்க்ரூ. ஒன்றின் வாயில் குங்குமம் அடைத்திருந்தது. தகரத்தைத் தொட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டாள். சண்முகவேலின் வேலை நறுவிசாக இருந்தது. எல்லா வயரும் ஒரு ரப்பர் பேண்டுக்குள். படம் இருக்கிற டிஸ்க்கும் சி.டி. டிரைவும் ஒரே பெல்ட்டில், ஒரே கொடியில் காயும் இரண்டு வேஷ்டி போல.

பெல்ட்டின் மேலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் ரத்னா துணியால் துடைக்கப் போனாள். தேவானை தடுத்தாள். விரலாலேயே எல்லாவற்றையும் வழித்தெடுத்து, பாதியைத் தன் நெற்றியிலும் பாதியை ரத்னாவின் நெற்றியிலும் வைத்தாள். "இப்ப மாட்டு."

சிவப்புக் கோடு கரண்டு வயரைப் பார்த்தது. பெல்ட் தானாகவே உள்ளே போனது.

ஒரு மணிக்குத் தாலியை ஓட்டினார்கள். நிற்காமல் கட்டினான் மாப்பிள்ளை. இரண்டாவது டிஸ்க்கிலிருந்துதான். தேவானை மறுபடியும் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சோற்றை வடிக்க உள்ளே போனாள்.

ரத்னா ரிசப்ஷன் கேசட்டை டெக்கில் போட்டு, முதலிலிருந்து உள்ளே ஏற்றினாள். இந்த முறை போன் அடிக்கவில்லை. கூடவே உட்கார்ந்து பார்த்தாள். மாலை மாற்றியவர்கள் சோபாவில். வரிசையில் வருபவர்கள். கையில் பிளாஸ்க், சுவர்க் கடிகாரம், மறுபடியும் சுவர்க் கடிகாரம். மேடையின் இந்தப் பக்கம் கச்சேரி செய்யும் பெண்மணி. காலையில் ஏறின படத்தில் இந்த இடம் தாறுமாறாகக் குதித்தது. பாடகியின் வைரத் தோடு, உடனே ஒரு நீலச் சட்டையின் தோள்பட்டை, உடனே மிருதங்கம். அவ்வளவுதான் தெரிந்தது.

இப்போது குதிக்கவில்லை.

கேமரா பாடகியிடமிருந்து மெதுவாக நகர்ந்தது. ஸ்பீக்கர் பெட்டி ஒன்று வந்தது. அதன் பக்கத்தில் நீலச் சட்டை போட்ட ஒருவன் குனிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். கேமராவைப் பார்க்கவில்லை. மைக் சரியாகக் கேட்கிறதா என்று மேடையைப் பார்த்துக் காதைச் சாய்த்தான்.

இளைத்திருந்தான். மீசை வைத்திருந்தான். காதைச் சாய்க்கிற விதம் மட்டும் மாறவில்லை.

செம்பியன்.

ரத்னாவின் கை மவுஸ் மேல் அப்படியே இருந்தது. கேமரா அவனிடம் போயிற்று. சண்முகவேல் ஜூம் போடுகிறவர் இல்லை. முகத்துக்குக் கிட்டே போனால் கல்யாணம் தெரியாது, ஆள்தான் தெரியும் என்பார். அந்தக் கேமரா கிட்டே கிட்டே போனது. முகம் திரை முழுக்க வந்தது. படம் நடுங்கியது. பதினைந்து வருஷத்தில் அண்ணன் எடுத்த படம் நடுங்கி ரத்னா பார்த்ததில்லை. பிறகு சடக்கென்று திரும்பி மிருதங்கத்துக்குப் போய்விட்டது.

பின்னால் ஓட்டி எண்ணினாள். நாலு செகண்டு.

மூன்று வாரம் கேட்டும் கிடைக்காத கேசட். "ரிசப்ஷன் வேணாம், விட்டுடலாம்."

உள்ளே சாதம் வடிக்கும் சத்தம் கேட்டது. அண்ணி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது செம்பியனுக்குப் பத்து வயது. அவனுக்குத் தலை சீவி, பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான். கூப்பிடலாமா? ரத்னா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மணி ஒன்றே முக்கால். முதலில் மாமியின் கேசட்.

அந்த நாலு செகண்டை வெட்டினாள். அழிக்கவில்லை. தனியாக ஒரு பெயர் கொடுத்து ஓரமாக வைத்தாள். பாடகியையும் மிருதங்கத்தையும் ஒட்டினாள். ஒட்டியது தெரியவில்லை.

இரண்டரை மணிக்கு டெக்கில் புதுக் கேசட்டைப் போட்டு, படத்தை இறக்க ஆரம்பித்தாள். படம் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஓடும். நடுவில் ஒரு விரல் பட்டாலும் முதலிலிருந்து போட வேண்டும்.

"அண்ணி, நாலேகால் வரைக்கும் மிக்ஸி போடாதீங்க. திரையில கோடு விழும்."

"நான் எதையும் அரைக்கல தாயே. மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க."

மூன்று மணிக்குச் சண்முகவேல் வந்தார். சட்டையெல்லாம் நெல் ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே டெக்கில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டார். பிறகு அலமாரித் தட்டைப் பார்த்தார்.

"பெட்டியத் தொறந்தியா?"

"நான்தான் தொறக்கச் சொன்னேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அந்த டிஸ்க்குக்குத் தனி பெல்ட்டு வேணுமாம்ண்ணா. பாய் சொன்னாரு."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டு கொக்கி இருந்துச்சே" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்டியா?" என்று கேட்டார்.

"சாப்ட்டேன்."

அவரிடமிருந்து அவ்வளவுதான் வரும் என்று ரத்னாவுக்குத் தெரியும். அது போதுமானதாகவும் இருந்தது.

திரையில் தாரை வார்த்தார்கள். தாலி கட்டினார்கள். சாப்பிட்டார்கள். சண்முகவேல் எழுந்து கை கால் கழுவப் போகவில்லை, சட்டையை மாற்றவில்லை. ரிசப்ஷன் வந்தது. சுவர்க் கடிகாரம். மறுபடியும் சுவர்க் கடிகாரம். பாடகி வந்தபோது ஸ்டூலின் விளிம்பை அவர் கை பிடித்துக்கொண்டதை ரத்னா பார்த்தாள்.

பாடகி தலையை ஆட்டினாள். உடனே மிருதங்கம் வந்தது.

அவர் கை தளர்ந்தது. மூச்சு விட்டார். ஆனால் நிம்மதியானவர் முகம் போல அது இல்லை. ஏதோ ஒன்றை எதிர்பார்த்து, வராததால் ஏமாந்தவர் முகமாக இருந்தது.

"நாலு செகண்டு எடுத்திருக்கேன்ண்ணா" என்றாள் ரத்னா மெதுவாக. "அழிச்சிடல. தனியா இருக்கு."

அவர் சட்டையில் ஒட்டியிருந்த நெல்லை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார்.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் ஆட்டோ நின்றது. சுப்புலக்ஷ்மி மாமி இறங்காமலேயே கேட்டாள். "தாலி கட்டறது?"

"நிக்காம கட்டறார் மாமி. மாப்பிள்ளை உதட்டக் கடிச்சிக்கறதுகூடத் தெரியுது."

"கடிச்சுப்பானாம், சின்ன வயசுலேர்ந்தே. அவன் அப்பா கண்ணு அதைத்தான் தேடும்." மாமி கேசட்டைக் கைப்பையில் போடவில்லை. இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டாள். "நீ பண்ணினதா? நன்னா இருடிம்மா. அடுத்தது அம்பிக்குத்தான். உன்னண்டதான் வருவேன்."

ஆட்டோ போய்விட்டது. சண்முகவேல் உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். ஸ்டூலில் உட்கார்ந்தார். பெட்டியை எடுத்துப் போகச் சொல்லும் பேச்சு வரவில்லை.

"போடு" என்றார்.

ரத்னா போட்டாள். நீலச் சட்டை குனிந்தது, நிமிர்ந்தது, காதைச் சாய்த்தது. படம் நடுங்கியது. முடிந்தது.

"இன்னொரு வாட்டி போடு."

போட்டாள். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை, அவளே போட்டாள். அப்போதுதான் பின்னால் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

தேவானை கையில் காபியோடு வாசல்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவள் மூக்கைத் துடைத்துக்கொள்ளவில்லை. காபியைக் கீழே வைத்துவிட்டு நேராகத் திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"நிறுத்து. கொஞ்சம் பின்னால போ. அந்தப் பெட்டியில என்ன எழுதியிருக்கு?"

ரத்னா ஒவ்வொரு படமாகப் பின்னால் தள்ளினாள். ஸ்பீக்கர் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டில் மைக் செட் கடையின் பேரும், அதன் கீழே போன் நம்பரும் தெரிந்தன.

"படி" என்றாள் தேவானை. அவள் கை ஏற்கெனவே போன் மேல் இருந்தது.

ரத்னா ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். தேவானை சுழற்றினாள். கடைசி எண்ணிடம் வந்து ரத்னா நின்றாள். செம்பியனின் முழங்கை அதை மறைத்துக்கொண்டிருந்தது. முன்னால் தள்ளினாள், பின்னால் தள்ளினாள். நாலு செகண்டிலும் முழங்கை விலகவில்லை.

"கடைசி நம்பர் தெரியல அண்ணி."

தேவானையின் விரல் டயலில் காத்திருந்தது.

"ஏழு" என்றார் சண்முகவேல்.

அவர் திரையைப் பார்க்கவில்லை.